வீட்டுப் பிள்ளை மாதிரி

படத்தில் எட்டாவின் முகம் ஒருமுறைகூட வருவதில்லை. கை வரும். நகச்சாயம் பூசிய விரல்கள் வரும். மற்றபடி அவள் வெறும் குரல்தான். சோபாவின் மறுமுனையிலிருந்தோ, பக்கத்து அறையிலிருந்தோ, போனிலிருந்தோ வந்துகொண்டே இருக்கும் குரல். காபி எங்கே, அதை எடு, இதை வை, ஏன் இவ்வளவு நேரம். அந்தக் குரல் போய் விழுகிற முகத்தை மட்டும் கேமரா விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பல் போன, சுருக்கம் விழுந்த முகம். எழுபது வயது இருக்கும் என்று நினைத்தேன். ஐம்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறாள் என்று தெரிந்தபோது படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஹங்கேரியைச் சேர்ந்த பெர்னாதெத் தூசா-ரிட்டர் 2017இல் எடுத்த ஆவணப்படம் ‘எ வுமன் கேப்ச்சர்ட்’. 2018இல் சன்டான்ஸ் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. ஒன்றரை மணி நேரம் ஓடும். கதை என்று சொன்னால் இவ்வளவுதான்: மாரிஷ் என்ற பெண் பத்து வருடங்களுக்கு மேலாக ஒரு குடும்பத்தில் சம்பளம் இல்லாமல் வீட்டுவேலை செய்கிறாள். அடையாள ஆவணங்கள் எஜமானியிடம். அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. இரவில் தொழிற்சாலையில் சுத்தம் செய்யும் வேலைக்கும் போகிறாள். அந்தச் சம்பளமும் எட்டாவுக்கு. அவள் பெயரில் கடன் வாங்கியிருக்கிறார்கள். தூங்க ஒரு சோபா, சாப்பிட மிச்சம் மீதி, பிடிக்க சிகரெட். எட்டாவின் கணக்கில் இதுதான் கூலி. மாரிஷுக்கு ஒரு மகள் உண்டு. அவள் இந்த வீட்டைத் தாங்க முடியாமல் ஓடிப்போய் அரசுக் காப்பகத்தில் இருக்கிறாள். இதெல்லாம் நடப்பது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், நம் காலத்தில்.

படம் எடுக்கப்பட்ட விதம் கொஞ்சம் விசித்திரமானது. தூசா-ரிட்டர் அப்போது திரைப்பட மாணவி. யாரோ ஒருவரின் ஒரு நாளைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடுக்கும் பயிற்சிக்காகத்தான் அந்த வீட்டுக்குப் போகிறார். எட்டா மறுக்கவில்லை. தன் வீட்டில் வேலைக்காரிகள் இருப்பது அவளுக்கு மறைக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை, பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். முகத்தைக் காட்டக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. பணம் இன்னொரு நிபந்தனை. ஒன்றரை வருடம் அந்த வீட்டில் படம்பிடிக்க இயக்குநர் எட்டாவுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பணத்தைப் பற்றிப் பலர் கேள்வி எழுப்பினார்கள். எனக்கும் முதலில் உறுத்தியது. அடிமையை வைத்திருப்பவளுக்குக் கட்டணம் கட்டி அடிமையைப் பார்க்கப் போவதா? ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுக்குள் நுழைய வேறு என்ன வழி இருந்தது? போலீசுக்குப் போவதில் மாரிஷுக்கு நம்பிக்கை இல்லை, பயம்தான் இருக்கிறது. கேமராவோடு ரகசியமாக நுழைந்தால் ஒருநாள் படம் கிடைக்கும், தொலைக்காட்சிக்கு ஒரு செய்தித் துணுக்கு கிடைக்கும். மாரிஷ் தன்னைப் பார்க்கிற ஒரு ஆளைப் பழகி, அவரிடம் முதலில் புலம்பி, பிறகு பேசி, பிறகு திட்டம் போடுகிற அளவுக்கு வருவதற்கு ஒன்றரை வருடம் தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் காலம்தான் காசு கொடுத்து வாங்கப்பட்டது. இயக்குநர் கை அழுக்காகாமல் இந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அவர் அதை ஒளிக்கவும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். படம் பார்க்கும்போது எனக்கு அந்த மொழி தெரியாது. கீழே ஓடும் எழுத்தைத்தான் படிக்கிறேன். ஆனால் அரைமணி நேரம் போனதும் எழுத்தைப் பார்க்காமலே எட்டா என்ன சொல்கிறாள் என்று புரிய ஆரம்பித்துவிட்டது. ஏனென்றால் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியும். அதட்டும், உடனே கொஞ்சும். திட்டிவிட்டு ஒரு சிகரெட்டை நீட்டும். நான் இல்லாவிட்டால் உன்னை யார் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்கும். அந்தக் குரலைச் சின்ன வயதில் நாகர்கோவிலில், என் பெரியம்மை வீட்டு அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

பெரியம்மை வீட்டில் ஒரு பிள்ளை நின்றாள். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வேலை செய்தாள் என்று சொல்ல மாட்டோம், ‘வீட்டோட நிக்கா’ என்போம். பேச்சிப்பாறைக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஏதோ ஒரு ஊர். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவளாக இருந்திருப்பாள். எல்லாரும் ‘செல்லம்’ என்று கூப்பிட்டோம். அங்கணத்தில் பாத்திரம் தேய்ப்பாள், மீன் கழுவுவாள், தேங்காய் துருவுவாள், தார்சாவைக் கூட்டித் துடைப்பாள். இரவில் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் படம் போடும்போது அடுக்களை நடைப்படியில் உட்கார்ந்து பார்ப்பாள். இந்தப் பக்கம் வந்து உட்காராதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளும் வந்ததில்லை.

அவளை யாரும் அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. தீபாவளிக்குப் பாவாடைச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் பெரியம்மை சொல்வது ஒரே வாக்கியம்: “அவ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிலா.”

இந்த ‘மாதிரி’யைப் பற்றி நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. வீட்டுப் பிள்ளையான நான் காலையில் பள்ளிக்கூடம் போவேன். வீட்டுப் பிள்ளை மாதிரியானவள் என் டிபன் டப்பாவைக் கழுவி வைத்திருப்பாள்.

மாரிஷையும் செல்லத்தையும் ஒன்றாக வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாரிஷின் முகத்தைப் பார்த்த யாரும் அப்படிச் செய்ய முடியாது. எல்லாவற்றையும் அடிமைத்தனம் என்று சொல்ல ஆரம்பித்தால் அந்தச் சொல்லே நீர்த்துப்போகும். எனக்கு உறுத்தியது வேறு. படத்தில் கொடுமையான காட்சிகளைவிடச் சாதாரணமான காட்சிகள்தான் எனக்குத் தெரிந்தவையாக இருந்தன. காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருப்பது. கடைசியில் சாப்பிடுவது. கூப்பிட்ட குரலுக்கு உடம்பு தானாக எழுவது. கொடுமையை எடுத்துவிட்டால் மீதி இருக்கிற வீடு எங்கள் வீடாக இருந்தது.

எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் பழைய சரித்திரம் உண்டு. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. 1836இல் எடுத்த கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் சுமார் 12.8 லட்சம் ஜனங்கள். அதில் ஏறக்குறைய 1.65 லட்சம் பேர் அடிமைகள். எட்டில் ஒரு ஆள். 1812இலேயே ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்துக்குத் தடை போட்டார். ஆனால் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விலக்கும் வைத்தார். முழுசாக ஒழித்தது 1855இல்தான்.

அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவனித்துப் படியெடுத்தவை. அ.கா. பெருமாள் பதிப்பித்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் படிக்க முடிந்தது. அதில் அடிமை ஓலைகள் உண்டு. வயலை விற்கிற ஓலையும் ஆளை விற்கிற ஓலையும் ஏறக்குறைய ஒரே நடையில் இருக்கும். ஒரே ஆண்டுக் கணக்கு, ஒரே சாட்சிக் கையெழுத்து. கோபமோ வெறுப்போ அந்த நடையில் கிடையாது. காரியம் நடக்கிறது, எழுதி வைக்கிறார்கள். தமிழில் வீட்டுக்குள் வேலை செய்யும் அடிமைப் பெண்ணுக்கு ‘வெள்ளாட்டி’ என்று தனிச்சொல்லே உண்டு. வயலில் நின்ற அடிமையைப் பற்றி நாம் கொஞ்சமாவது பேசியிருக்கிறோம். அடுக்களையில் நின்றவளைப் பற்றிப் பேசியது ரொம்பக் குறைவு. அவள் ‘வீட்டாள்’ கணக்கில் போய்விட்டாள்.

அதே நாகர்கோவிலில் 1820களில் இன்னொன்று நடந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் அடிமைப் பிள்ளைகளும் இருந்தார்கள். பின்னிய லேஸ் விற்றுக் கிடைத்த கூலியைச் சேர்த்து அவர்களில் சிலர் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மிஷனரிகளுக்கு ஆயிரம் நோக்கம் இருந்திருக்கலாம், அது வேறு பேச்சு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காசு நேராக அந்தப் பிள்ளைகளின் கைக்கு வந்தது என்பதுதான். மாரிஷும் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க உழைத்துச் சம்பாதிக்கிறாள். அந்தக் காசு அவள் கையில் ஒருநாள்கூடத் தங்குவதில்லை. நாகர்கோவில் லேஸ் பற்றிப் படித்திருக்காவிட்டால் படத்தில் இந்த இடம் எனக்கு இவ்வளவு அழுத்தமாகப் பட்டிருக்காது. சம்பளம் உண்டா இல்லையா என்பது அரைக் கேள்விதான். யார் கைக்குப் போகிறது என்பது மீதி அரை.

‘நவீன அடிமைத்தனம்’ என்ற சொல்லாட்சி மேல் எனக்கிருக்கும் சந்தேகமும் இதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022இல் வெளியிட்ட கணக்கில், உலகம் முழுக்க 4.96 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருக்கிறார்கள். கட்டாயத் திருமணத்தையும் சேர்த்து. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் மனசு எங்கேயோ போய்விடுகிறது: சுரங்கம், கப்பல், தூர தேசம். ‘நவீன’ என்றதும், பழையது முடிந்துபோயிற்று, இது எங்கிருந்தோ புதிதாக முளைத்தது என்றும் தோன்றிவிடுகிறது. தூசா-ரிட்டரின் படம் பெரும்பகுதி ஒரு வீட்டுக்குள், ஒரு முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுவதால் அந்தத் தப்பிப்பை நமக்குக் கொடுப்பதில்லை.

தமிழர் வீட்டுக்குள் நடந்ததே ஒன்று இருக்கிறது. மெல்போர்னின் மவுண்ட் வேவர்லி பகுதியில் வாழ்ந்த ஒரு தமிழ்த் தம்பதி, தமிழ்நாட்டிலிருந்து ஒரு மூத்த பெண்ணை 2007இல் ஒரு மாதச் சுற்றுலா விசாவில் அழைத்துப் போனார்கள். ஏற்கெனவே இரண்டு முறை போய் அவர்கள் வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்தான். மூன்றாவது முறை எட்டு வருடம் திரும்பவில்லை. மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார், சமைத்தார், துவைத்தார். கூலி என்று கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் மூன்று டாலர். 2015 ஜூலையில் குளியலறைத் தரையில் விழுந்து கிடந்தவரை ஆம்புலன்சில் கொண்டுபோனபோது அவர் எடை 40 கிலோ. வைத்தியம் பார்க்காத சர்க்கரை நோய், உடம்பெல்லாம் பரவிய தொற்று. மருத்துவமனையில் அவருக்கு வேறொரு பெயர் கொடுத்துச் சேர்த்திருந்தார்கள். ஊரிலிருந்து குடும்பத்தார் விசாரித்து, போலீஸ் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, அவரை 2007க்குப் பிறகு பார்க்கவேயில்லை என்றார்கள். 2021இல் விக்டோரியா உச்ச நீதிமன்றம் மனைவிக்கு எட்டு வருடமும் கணவனுக்கு ஆறு வருடமும் சிறை விதித்தது. அடிமையாக வைத்திருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு, வேறு மழுப்பலான சொல் எதுவும் இல்லை.

இந்தச் செய்தி வந்தபோது என் வாட்ஸாப் குழுக்களில் அதிர்ச்சியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. ஒரு உறவினர் எழுதினார்: “வயசான காலத்துல பிளேன்ல கூட்டிட்டுப் போயிருக்கான், சோறு போட்டிருக்கான், அதுக்கு எட்டு வருஷமா?” நான் பதில் எழுதவில்லை. இப்போது ‘எ வுமன் கேப்ச்சர்ட்’ பார்க்கும்போது அந்த வரிதான் ஞாபகத்துக்கு வந்தது. எட்டாவும் இதைத்தானே சொல்கிறாள்!

மெல்போர்னில் வேறு பெயர் கொடுத்தார்கள் என்றேன். அதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. படத்தில் அதற்கு இணையான ஒரு இடம் இருக்கிறது, கொஞ்சம் கழித்து வருகிறேன்.

படத்தின் குறை என்று சொல்ல எனக்கு ஒன்று உண்டு. அது அந்த வீட்டை விட்டு வெளியே அதிகம் பார்ப்பதில்லை. மாரிஷ் எப்படி இங்கே வந்து சேர்ந்தாள், ஆள் பேரில் கடன் கொடுத்தவன் யார், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன தெரியும், தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்கள் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா? இதெல்லாம் தொட்டும் தொடாமலும் போய்விடுகிறது. எட்டாவை மட்டும் பார்த்தால் அவள் ஒரு கெட்டவள், அவ்வளவுதான் என்று முடிந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு சந்தை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேறு படங்களைத்தான் தேட வேண்டும். சுங்-ஆ யூன் எடுத்த ‘ஓவர்சீஸ்’ (2019) பிலிப்பைன்ஸில் ஒரு பயிற்சி மையத்தில் நடக்கிறது. வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் அங்கே மேஜை போடவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் பழகுகிறார்கள். கூடவே ஒருத்தி எஜமானியாகவும் இன்னொருத்தி வேலைக்காரியாகவும் நடித்து, திட்டு வாங்கவும் பழகுகிறார்கள். மாரிஷின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நடிப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு படமும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகிறது.

எங்கள் மாவட்டத்தில் வளைகுடாப் பணம் வராத தெரு குறைவு. ‘கத்தாமா’ என்ற சொல் எங்களுக்குக் கேட்டுப் பழகிய சொல். அரபியில் வேலைக்காரி. அதே பேரில் 2011இல் மலையாளத்தில் கமல் ஒரு படம் எடுத்தார், காவ்யா மாதவன் நடித்தது. முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்கு, குடிப்பெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடா வீட்டுவேலைக்குப் போக நம் அரசு அனுமதி தருவதில்லை. பாதுகாப்புக்கான விதி. ஏஜென்டுகள் இதைத் தாண்டுகிற வழி எல்லாருக்கும் தெரியும்: சுற்றுலா விசா. மெல்போர்னுக்குப் போனவரும் அந்த வாசலில்தான் போனார், அங்கே ஏஜென்டுக்குப் பதில் தெரிந்த குடும்பம். இலங்கையின் மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் போன ரிசானா நஃபீக்குக்கு அப்போது பதினேழு வயது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். அவள் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்துபோக, கொலைக்குற்றம் சாட்டி, 2013 ஜனவரியில் தலையை வெட்டினார்கள். கேமரா எதுவும் ஒன்றரை வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

உள்ளூர்ச் சட்டத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வீட்டுவேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல்தான் நாட்டில் தடை. அதற்கு முன்னால் செல்லம் எங்கள் வீட்டில் நின்றதில் சட்ட மீறல்கூட இல்லை! வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் வருடத்துச் சர்வதேச உடன்படிக்கைக்கு ஆதரவாக இந்தியா ஓட்டுப் போட்டது, இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. 2025 ஜனவரியில்கூட, இவர்களுக்குத் தனிச்சட்டம் வேண்டுமா என்று ஆராயச் சொல்லி உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குள் ஆய்வாளர் நுழைய முடியாது என்பார்கள். எட்டா வீட்டுக்குள் ஒரு மாணவி நுழைந்தார்.

படத்தின் கடைசிப் பகுதி தப்பித்தல். மாரிஷ் ஒருநாள் கேமராவைப் பார்த்து, தான் போகப் போவதாகச் சொல்கிறாள். அந்த இடத்தில் இயக்குநரின் குரல் தடுமாறுவது கேட்கும். அதுவரை பார்ப்பவராக இருந்தவர் இனி உடன்போக வேண்டும். ஆவணப்பட இலக்கணம் பேசுபவர்கள் இங்கே முகம் சுளிக்கலாம். எனக்கு அந்த இலக்கணத்தில் அக்கறை இல்லை. வெளியே வந்து, எட்டாவின் கை எட்டாத தூரம் போன பிறகு அவள் சொல்கிறாள், தன் பெயர் மாரிஷ் இல்லை, எடித். மாரிஷ் என்பது அந்த வீட்டில் வைத்த பெயர். ஒரு மணி நேரத்துக்கு மேலாக நானும் அவளை எட்டா கூப்பிட்ட பெயரில்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதி வந்திருக்கிறேன். திருப்பிப் போய் மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

எடித்துக்கு வேலை கிடைக்கிறது, வீடு கிடைக்கிறது, மகள் திரும்பக் கிடைக்கிறாள். மாதங்கள் போகப்போக அந்த முகம் இளமையாகிக்கொண்டு வருகிறது. ஒப்பனை செய்து இப்படி ஒரு மாற்றத்தைக் காட்டினால் மிகை என்று சொல்லியிருப்பேன்.

நான் திரும்பவும் பார்த்தது அந்தத் தப்பிக்கும் பகுதியைத்தான். நாலைந்து முறை பார்த்தேன். ஏன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

செல்லமும் ஒருமுறை போனாள். அவள் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். மத்தியானம், பெரியம்மை உறங்கிக்கொண்டிருந்தாள். நான் தார்சாவில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு துணிப்பையோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். “அம்மையப் பாத்துட்டு வாறேன்” என்றாள். சரி என்றேன். அரைமணி நேரம் கழித்துப் பெரியம்மை எழுந்து கூப்பிட்டபோது நான்தான் சொன்னேன், வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பாள் என்று. கடைப் பையன் சைக்கிளில் போனான். எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தவளைக் கூட்டி வந்துவிட்டான். அன்றைக்கும் அடி விழவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். “அம்மையத் தேடிப் போனாளாம், துட்டே இல்லாம.” எனக்கு அன்றைக்கு முறுக்கு கிடைத்தது. புத்திசாலிப் பிள்ளை என்று.

தூசா-ரிட்டரைப் பற்றி அந்தப் பணத்தை வைத்துக் கேள்வி கேட்பவர்களோடு என்னால் சேர முடியாததற்கு இது ஒரு காரணம். பார்த்துக்கொண்டிருந்தவள் என்ன செய்தாள் என்ற கேள்வியை நான் அவரிடம் கேட்கிற இடத்தில் இல்லை.

படம் பார்த்த அன்று இரவு அம்மாவுக்கு போன் செய்தேன். செல்லத்தின் நிஜப் பெயர் என்ன என்று கேட்டேன்.

“எதுக்கு பிள்ளே இப்பம்?”

“சும்மா. சொல்லேன்.”

“அவளுக்க பேரு... எனக்கு ஓர்மை இல்ல மக்களே. செல்லம்னுதாலா விளிப்போம். கல்யாணத்துக்குப் போவும்போ அக்கா கம்மல் போட்டு அனுப்பினா. நல்லாத்தான் பாத்தோம். எதுக்கு, யாராம் வல்லதும் கேட்டாளா?”

பெரியம்மை இப்போது இல்லை. அவள் கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவள். நீள நோட்டுகள் மச்சில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. அவள் மகனிடம் சொல்லி, அந்த வருடங்களின் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வேலையத்தவள் என்று திட்டிக்கொண்டே இரண்டு நாள் கழித்து அனுப்பினான்.

1999 மே மாதத்துப் பக்கம். பால் கணக்கு. தேங்காய் வெட்டுக்கூலி. ஓடு மாற்றிய ஆசாரிக்கு முன்பணம். அதற்குக் கீழே ஒரு ஆணின் பெயர், பக்கத்தில் ‘பிள்ளைக்க வகையில் ஒரு வருஷத்துக்கு’, தொகை 2,400. கைநாட்டு வைத்த மை இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. 2000, 2001, 2002 பக்கங்களிலும் அதே மே மாதம், அதே ஆணின் பெயர். கடைசி வருடம் மட்டும் 3,000. அவள் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயரும் எழுதியிருக்கிறாள் பெரியம்மை. குலசேகரத்தில் இறங்கி அங்கிருந்து வேறு பஸ் மாற வேண்டும் என்கிறான் அவள் மகன். எந்தப் பஸ் என்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.